பெட்டி சொன்ன தூக்கம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் நான் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன நிலவரம் என்று என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். சத்தம் பலமாக இருந்தால் காபி டம்ளரைக் கையில் கொடுக்க மாட்டாள். டிவி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்படிப்பட்ட எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஆரம்பத்தில் கோபமே வரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது.

நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வீடு பெருங்களத்தூரில். வண்டி நிற்கும் யார்டு ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. வடக்கே துறைமுகத்துக்குப் போய்க் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு, வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் வந்து, அங்கிருந்து ஒரகடம், மறைமலை நகர் பக்கம் இருக்கிற தொழிற்சாலைகளில் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. என் மச்சானும் அதே கம்பெனியில்தான் ஓட்டினான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அம்மாவோடும் மனைவியோடும் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் எனக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. ஒரே கம்பெனிக்கு வந்த பிறகு, அவன் வராமல் நான் டீக்கடை பெஞ்சில் உட்காருவதில்லை என்ற அளவுக்கு ஒட்டிக்கொண்டோம்.

பெட்டி வந்த காரணம் நல்ல காரணம்தான். எங்கள் கம்பெனி வண்டி ஒன்று, ஓட்டியவன் கண் அசந்ததால், சாலையோரம் நின்றிருந்த பஸ்ஸின் பின்னால் போய் ஏறியது. அதற்கு முன்னாலும் நடக்காததில்லை. டிரைவர் தூங்காமல் ஓட்டுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். "இன்னொரு டிரிப்பு அடிச்சிட்டு வந்து படுப்பா" என்பான் மேனேஜர். படுப்பதற்குள் அடுத்த டிரிப் வந்து நிற்கும். இனிமேல் பெட்டி இல்லாத வண்டி எங்கள் கேட்டுக்குள் வரக்கூடாது என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆகவே பெட்டி வந்தது.

டிபன் டப்பா அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி வைத்தார்கள். அதில் ஒரு சின்ன கேமரா. வண்டியை எடுக்கும்போது முகத்தைக் காட்ட வேண்டும். இந்த வண்டிக்கு இந்த ஆள்தான் என்று பார்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் ஓட்டினோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்று அதுவே எண்ணிக்கொண்டிருக்கும். பச்சை எரிந்தால் ஓட்டலாம். மஞ்சள் எரிந்தால் இடம் பார்த்து நிறுத்து. சிவப்பு எரிந்தால் ஒரு பெண் குரல், "ஓய்வு எடுக்கவும், ஓய்வு எடுக்கவும்" என்று நச்சரிக்கும். எல்லாம் யார்டில் இருக்கிற ஆபீஸ் திரையிலும் தெரியும். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

பெட்டி கம்பெனியிலிருந்து வந்த ஆள் யார்டில் எங்களையெல்லாம் உட்காரவைத்து விளக்கினார். பொறுமையான மனுஷன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். என் மச்சான்தான் எழுந்தான்.

"சார், துறைமுகத்துல லைன்ல நிப்போம். அப்பப்ப ரெண்டு வண்டி நீளத்துக்கு நகுரும். அத்த ஓட்டறதா எடுத்துக்குமா? அப்டின்னா எங்க டைம் பூரா லைன்லயே பூடும். கேட்ட வுட்டு வெளிய வந்தா சிவப்பு எரியும். அப்பறம் எங்க டிரிப்பு அடிக்கறது?"

நியாயமான கேள்வி. அவர் குறித்துக்கொண்டார். மறுபடி வந்தபோது, நடக்கிற வேகத்துக்குக் கீழே நகர்ந்தால் பெட்டி அதை ஓட்டுவதாக எடுத்துக்கொள்ளாது, அப்படி மாற்றிவிட்டோம் என்றார். நாங்கள் கை தட்டினோம். மச்சானை ரெண்டு பேர் தோளில் தூக்காத குறை. அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். ஓட்டுவது இல்லையென்றால் பெட்டிக்கு அது ஓய்வு என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதல் சில மாதங்கள் எனக்குச் சொர்க்கம். ஒருமுறை மறைமலை நகரில் இறக்கிவிட்டு வெளியே வந்ததும் சிவப்பு எரிந்தது. மேனேஜர் போன் செய்தான், உடனே திரும்பி வா என்று. "சார், சிவப்பு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். அந்தப் பக்கம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டான். இருபது வருஷமாக அவனைப் போன்றவர்களிடம் திட்டு வாங்கியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்தேன். சாயங்காலம் வரைக்கும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

அந்தப் பெண் குரலுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் மாமியார். சொன்னதையே சொல்கிறது, கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறது, வேறென்ன பெயர் வைப்பது? நான் ஒருநாள் மச்சானிடம், "மாமியார் தொல்லை தாங்கலடா" என்றேன். "எங்கம்மாவயா சொல்ற? இரு, வூட்டுக்குப் போயி போட்டுக் குடுக்கறேன்" என்றான். போட்டும் கொடுத்தான். அன்றைக்கு என் நிஜ மாமியார் மீன் குழம்பில் எனக்கு வால் துண்டு மட்டும் வைத்தார்.

இனி அந்த லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகக் கேட்டுக்கு முன்னால் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். சில நாள் சீக்கிரம் விடுவார்கள். சில நாள் ராத்திரி பூராவும் போய், மறுநாள் வெயில் உச்சிக்கு வரும்வரை நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் உள்ள வண்டி நகரும். நாம் நகராவிட்டால் நடுவில் இன்னொருத்தன் மூக்கை நுழைத்துவிடுவான். பின்னால் இருக்கிறவன் நம் குடும்பத்தையே ஹாரனில் திட்டுவான். ஆகவே லைனில் தூங்க முடியாது.

ஆனால் நாங்கள் தூங்கினோம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ரெண்டு பேர் ஜோடியாக வண்டியை ஒன்றின் பின் ஒன்றாக லைனில் விடுவோம். ஒருத்தன் படுத்துவிடுவான். மற்றவன் முழித்திருந்து தன் வண்டியையும் நகர்த்தி, இறங்கிப்போய் அவன் வண்டியையும் நகர்த்துவான். பாதி நேரம் ஆனதும் தட்டி எழுப்பிவிட்டு அவன் படுப்பான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்குவோம். அத்தனை நம்பிக்கை. என் ஜோடி மச்சான்தான். அவன் என் வண்டியை நகர்த்துவதே எனக்குத் தெரியாது. அவ்வளவு மெதுவாக, தொட்டில் ஆட்டுவதுபோல் எடுப்பான்.

பெட்டி அதற்கு முடிவு கட்டியது. என் வண்டியில் அவன் முகம் தெரிந்தால் ஆபீஸில் அலாரம் அடிக்கும். வேறு ஆள் ஓட்டுகிறான், திருட்டாகக்கூட இருக்கலாம் என்று. ரெண்டுமுறை மாட்டினோம். ரெண்டு பேரையும் வண்டி தராமல் ஒரு வாரம் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனவன் வண்டியில் அவனவன் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் தூங்க வேண்டும் என்று கொண்டுவந்த பெட்டி, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த ஒரே இடத்திலிருந்து எங்களை எழுப்பிவிட்டது. நல்ல கூத்து.

போதாக்குறைக்கு எங்கள் பொய்களும் போயின. முன்பெல்லாம் கண்ணைக் கட்டினால் ஓரமாக நிறுத்திவிட்டு, பஞ்சர் என்று ஆபீஸுக்குச் சொல்வோம். டயர் சூடாகிவிட்டது என்போம். போலீஸ் மடக்கிவிட்டான் என்போம். ஒரு மணி நேரம் தலையைச் சாய்த்துவிட்டு எழுந்து போவோம். அந்தப் பொய்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது வண்டி எங்கே நிற்கிறது, டயரில் காற்று எவ்வளவு என்று எல்லாமே திரையில் தெரிகிறது. பச்சை எரியும்போது நிறுத்தினால் விளக்கம் கேட்கிறார்கள்.

எல்லாம் நடந்த அன்றைக்குச் சித்திரை வெயில். முந்தின நாள் மத்தியானமே நானும் மச்சானும் லைனில் வண்டியை விட்டோம். அவன் முன்னால், நான் பின்னால். ஏதோ கப்பல் தாமதம் என்றார்கள். ராத்திரி பூராவும் லைன் நத்தைபோல் நகர்ந்தது, ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. அதுதான் கொடுமை. ஒரேயடியாக நின்றுவிட்டாலாவது தூங்கலாம். நான் பாட்டு கேட்டேன், முகம் கழுவினேன், தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் வண்டியின் பின் விளக்கு எரிவதும் அணைவதும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் லைன் நகர்ந்தபோது அவன் உடனே நகர்ந்தான். ஒருமுறைகூட நான் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

விடிந்ததும் அவன் கீழே இறங்கினான். தண்ணீர் கேனை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். சட்டையோடு. பிறகு என் வண்டிக்கு வந்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி உதறினான். என் மேல் எல்லாம் தண்ணீர். "எரும, போடா அந்தப் பக்கம்" என்று திட்டினேன். அவன் சிரித்தான். கண் ரெண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்திருந்தது.

"தூக்கம் வந்துச்சா மாமா?"

"உங்க அக்கா கூட என்ன இப்டி பேஜார் பண்ணதில்லடா" என்றேன்.

சைக்கிளில் டீ விற்கிறவன் வந்தான். குடித்தோம். வெயில் ஏறிய பிறகுதான் கேட்டைத் தாண்டினோம். உள்ளே என் கன்டெய்னரின் சீல் எண் சரியாக இல்லை என்று என்னை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். மச்சானுக்கு ஏற்றிவிட்டார்கள். "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்றேன். கையை ஆட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் அவனிடமிருந்து போன். வெளிவட்டச் சாலையில் எங்கோ நிறுத்தியிருந்தான். நான் இன்னும் துறைமுகத்துக்குள்ளேயே இருந்தேன்.

"மாமா, கண்ண இழுக்குது. ரோடு ரெண்டாத் தெரியுது."

"ஓரமா போட்டுட்டுப் படுடா."

"ஆபீஸ்ல கேட்டேன். மேனேஜரு இன்னா சொல்றான் தெர்தா? பச்சை எரிஞ்சிக்கினு கீதே, முழு ரெஸ்ட் எடுத்துட்டுத்தான வர, இன்னும் இன்னா தூக்கம்ன்றான். ஒரகடத்துல லோடுக்குக் காத்துக்கினு கீறாங்களாம்."

"லைன்ல நின்னோம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே. லைன்ல தூங்கறதுக்கு இன்னான்னு கேக்கறான். பெட்டி கணக்குல தூங்கனதாத்தான் கீதாம்."

எனக்கு உச்சியில் ஏறியது. "நீ அசையாத, நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் கத்தினேன். அவன் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "லைன்ல தூங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணா. நான் முன்னாடியே சார்கிட்ட சொல்லியிருக்கேன். இருங்க, மறுபடியும் கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். நல்ல பெண். அவள் கையில் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அண்ணா, அவர் வண்டி நின்னுடுச்சு."

"அப்பாடா, தூங்கட்டும் வுடு" என்றேன்.

"இல்ல அண்ணா. எடுத்துட்டுப் போயிட்டு இருந்தாரு. திடீர்னு நின்னிருக்கு. போன் எடுக்கல."

முடிச்சூருக்கு இறங்கும் வழிக்குச் சற்று முன்னால், சாலையின் நடுவில் அரளிச் செடி வைத்திருக்கும் இடம். பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு அந்தச் செடிகளை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள். தினமும் பார்த்துக்கொண்டே போவோம். மச்சானின் வண்டி அந்தச் செடி வரிசைக்குள் ஏறிவிட்டது. ரெண்டு பெண்கள் ஓடித் தப்பித்தார்கள். ஒருவர் குனிந்து செடிக்கு அடியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் உயிர் அங்கேயே போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி அப்படியே நின்றது. மச்சானைக் கால் முறிந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒடிந்த அரளிக் கிளைகளோடு ஒரு சாப்பாட்டு கேரியர் கிடந்தது. திறக்காத கேரியர். அதைப் பார்த்ததும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். நானும்தானே முந்தின நாளிலிருந்து தூங்காமல், என் வண்டியைப் பச்சை விளக்கோடு அதே சாலையில் ஓட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

ஆஸ்பத்திரியிலேயே அவனைக் கைது செய்தார்கள். கம்பெனி, பெட்டியின் அறிக்கையைப் போலீஸிடம் கொடுத்துவிட்டது. எங்கள் டிரைவர் முந்தின நாளிலிருந்து முழு ஓய்வில் இருந்தார், எங்கள் பக்கம் தவறே இல்லை என்று. நிறுத்தித் தூங்கவா என்று அவன் போன் செய்து கேட்டதைப் பற்றி மேனேஜரிடம் விசாரித்தபோது, "சாப்பிட நிறுத்தலாமான்னு கேட்டான், சரின்னேன்" என்றானாம். படுபாவி. தூக்கம் இல்லை என்றால் பிறகு என்ன காரணம்? குடித்திருந்தானா என்று பார்த்தார்கள், இல்லை. அப்படியானால் கவனமில்லாமல், திமிராக ஓட்டியிருக்கிறான். கேஸ் அப்படித்தான் போனது.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரித்த இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லைன், பின் விளக்கு, தலையில் தண்ணீர் ஊற்றியது, டீ, போன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ராத்திரி பூரா அவர் முழிச்சிட்டு இருந்ததை நீங்க பாத்தீங்க?"

"பாத்தேன் சார். அவனுக்குப் பின்னாடியேதான் நின்னேன்."

"உங்க வண்டி நம்பர் என்ன?"

சொன்னேன். மேஜையிலிருந்த காகிதங்களைப் புரட்டி ஒன்றை என் பக்கம் திருப்பினார். கம்பெனி அன்றைக்கு லைனில் நின்ற எல்லா வண்டிகளின் அறிக்கையையும் கொடுத்திருந்தது. என் வண்டிக்கு நேராக, அதே நேரத்துக்கு, ஓய்வு என்று போட்டிருந்தது.

"இதுல நீங்களும் தூங்கிட்டுதான் இருந்திருக்கீங்க" என்றார்.

காகிதத்தை அவர் பக்கமே தள்ளினேன்.

"நான் உங்களை நம்பறேன்" என்றார் அவர். "பந்தோபஸ்துக்குப் போனா எங்களையும் மரத்தடில உக்கார வெச்சுட்டு ரெஸ்ட்டுன்னுதான் எழுதுவான். ஆனா உங்களைச் சாட்சியாப் போட்டா கோர்ட்ல என்ன கேப்பாங்க சொல்லுங்க. தூங்கிட்டு இருந்த ஆள் எப்படிப்பா பாத்தேன்னு கேப்பாங்க. அவ்வளவுதான், உங்க சாட்சி முடிஞ்சுது."

அங்கிருந்து நேராக யார்டுக்குப் போனேன். வண்டியை எடுக்கும்போதெல்லாம் எங்கள் முகத்தைப் பெட்டி பார்த்ததே, அந்தப் படங்கள் எங்கே, அதில் அவன் கண் திறந்திருப்பது தெரியுமே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முகம் சரியா இருந்தா அழிச்சிடும் அண்ணா. வேற ஆள் முகமா இருந்தாத்தான் வெச்சிக்கும்" என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். நான் அவளைத் திட்டவில்லை. கதவை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன்.

ஜாமீனில் மச்சான் வெளியே வந்தான். காலில் கம்பி வைத்திருந்தார்கள். அவன் வீடு மாடியில் இருந்ததால் எங்கள் வீட்டில் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். எங்கள் வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். தூங்காமல் வந்தேன், நிறுத்த வேண்டும் என்று கேட்டேன், ஓட்டச் சொன்னார்கள் என்று மச்சானே உறுதியாகச் சொல்ல வேண்டும். அவன் வாயால், மாற்றாமல். அதை வைத்துத்தான் அந்த அறிக்கையைக் கேள்வி கேட்க முடியும். முடிந்தால் கம்பெனியையும் இழுக்கலாம். அவன் சொல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் சொன்னான். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நாம தூங்கவே இல்லியே மாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு விசாரணைக்கு மேல் விசாரணை. இன்ஷூரன்ஸ் ஆள் வந்தார், கம்பெனி வக்கீல் வந்தார். ஒவ்வொருவரும் அந்தக் காகிதத்தை அவன் முகத்துக்கு முன் நீட்டினார்கள். உட்கார்ந்தபடியே கொஞ்சமாவது தூங்கியிருப்பீர்களே, நினைவில்லாமல் இருக்கலாமே என்று நயமாகக் கேட்டார்கள். அவன் சொல்வது மெல்ல மெல்ல மாறியது. தூங்கவில்லை என்றவன், தூங்கின மாதிரி இல்லை என்றான். பிறகு, தெரியலியே மாமா என்றான். ராத்திரிகளில் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான்.

களை எடுக்கும்போது இறந்துபோன அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் போனேன். யாரும் அனுப்பவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. முடிச்சூருக்குப் பின்னால் ஏரியைத் தாண்டி இருக்கிற ஊர். ஓட்டு வீடு, கதவில் சிலுவை ஒட்டியிருந்தது. அவர் புருஷன் கொத்தனார். வாசலில் நின்றுகொண்டே நான் யார் என்று சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் அடிக்கவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை.

"அந்தாளு நல்லா தூங்கி எழுந்து வந்தவன்னு போலீஸ்ல சொன்னாங்கோ" என்றார். "தூக்கத்துல வந்து ஏத்திட்டான்னா, சரி, அவனும் கூலிக்கு ஓட்டறவன்தானேன்னு நெனச்சுக்குவேன். நானே சாரத்து மேல நின்னுகினு கண்ணு சொருவிக் கீறேன். தூங்கி எழுந்து வந்தவன், பட்டப்பகல்ல, ஆரஞ்சு சட்டை போட்டவள எப்டிங்க ஏத்துவான்? அதான் எனக்கு ஆறல. ராத்திரில அதையேதான் யோசிச்சிக்கினு கீறேன்."

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இத்த அவன் வாயால சொல்லுவானா?" என்று கேட்டார்.

"சொல்லுவான்."

"கோர்ட்டுல எங்கயோ சொல்லிக்கட்டும். எங்கிட்ட வந்து ஒரு தபா சொல்லச் சொல்லு. தூங்காமதான் வந்தேன்னு. எனக்கு அது போதும்."

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. மனுஷன் தெய்வம் என்று நினைத்தேன். இதைக் கேட்டால் மச்சான் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

"நான் தூங்கனேன் மாமா" என்றான்.

"யார்ரா சொன்னது?"

"எல்லாத்துலயும் அப்டித்தான கீது. தூங்கி எழுந்துதான் போயிக் கீறேன். தூங்கி எழுந்துதான் அந்தம்மாவ ஏத்திக் கீறேன். அவருகிட்ட போயி இன்னொரு பொய்யும் சொல்லணுமா?"

"டேய், விடிகாத்தால கேன் தண்ணிய தலையில ஊத்திக்கினியே. என் வண்டியாண்ட வந்து என் மேல உதறனியே. எருமன்னு நான் திட்டனேனே. மறந்துட்டியா?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என்மேல் பரிதாபப்படுகிறவன்போல் பார்த்தான்.

"நீயுந்தான் தூங்கிக்கினு இருந்த மாமா. உன் பேப்பர்லயும் போட்டுக் கீதே. கனவு கண்டிருப்ப."

எனக்குக் கை எழுந்தது. அவனை அறைந்திருப்பேன். கம்பி வைத்த காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். என் மனைவி கிட்டே வந்து என் தோளைத் தொட்டாள். "நெஜமாவே நீங்க முழிச்சிக்கினுதான் இருந்தீங்களா?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். அதற்குள் மச்சான் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு சீராக வந்தது. பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறான் என்றுதான் தோன்றும். அவன் தூங்கவில்லை.